பெரட்டுக் களமும் பங்குதாரர் கூட்டமும்

தேயிலைத் தோட்டத்தில் பொழுது புலருமுன் கூடுகிற கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். ஆங்கிலத்துப் 'பரேட்' என்ற சொல் நம்மவர் நாவில் புரண்டு பெரட்டு ஆயிற்று. தப்பு முழங்கக் கண் விழித்து, கம்பளியைத் தலையில் போர்த்தி, பனியில் நடுங்கியபடி நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நின்ற களம் அது. இன்ன மலையில் கொழுந்து, இன்ன மலையில் கவ்வாத்து, இன்னாருக்கு இன்ன வேலை என்று மேலிருந்து சொல்வார்கள். கேட்டுக்கொண்டு கலைய வேண்டும். கேள்வி கேட்பது அந்தக் களத்தின் வழக்கமன்று.

அதே தோட்டத்தைப் பற்றி ஆண்டுக்கொரு முறை வேறொரு கூட்டமும் நடைபெற்று வந்திருக்கிறது. ஒரு காலத்தில் இலண்டனில், பிற்பாடு கொழும்பில். அதற்குப் பங்குதாரர் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று பெயர். அங்கே கேட்போர் கேள்வி கேட்கலாம். தலைவர் விடையிறுக்கக் கடமைப்பட்டவர். மலையகத்தின் வரலாற்றை எழுதியோர் முதற் கூட்டத்தைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். இரண்டாவது கூட்டத்தின் பக்கம் அவர்களது பார்வை அதிகம் திரும்பியதில்லை. இன்று அந்த இரண்டாவது கூட்டத்துக்குள் புதியதொரு விருந்தாளி நுழைந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். தலைவரின் உரையை எழுதிக் கொடுப்பதும் அது. அந்த உரையைக் கேட்டு மதிப்பெண் போடுவதும் அது. ஆகவே இந்தக் கூட்டத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து ஒருமுறை பார்ப்பது நமக்கு நல்லது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் துரைமார் பலர் கடனில் மூழ்கினர், தோட்டங்கள் கைமாறின. தேயிலைக்குக் கொழுந்து மட்டும் போதாது. தொழிற்சாலை வேண்டும், இயந்திரம் வேண்டும், நீண்ட நாள் காத்திருக்கும் முதல் வேண்டும். தனி மனிதரின் மடியில் அவ்வளவு பணம் இல்லை. முன்பின் அறியாத ஆயிரம் பேரிடம் பணம் திரட்டுவதற்குரிய சட்டமோ ஏற்கெனவே இருந்தது. இலங்கையில் கூட்டுப் பங்குக் கம்பனிச் சட்டம் 1861இலேயே பிறந்துவிட்டது. இலண்டனில் பதிவான ஸ்டெர்லிங் கம்பனிகளும், கொழும்பில் பதிவான ரூபாய்க் கம்பனிகளும் மலைகளை வளைத்துக்கொண்டன. 1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தோன்றிய காரணமும் இதுவே: தோட்டக் கம்பனிகளின் பங்குகளை விற்கவும் வாங்கவும் ஓரிடம் தேவைப்பட்டது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தையின் வேர் நம் மலைகளில்தான் ஓடுகிறது. இதை எத்தனை பாடப்புத்தகங்கள் சொல்கின்றன?

1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் 1898இல் தம் வியாபாரத்தைப் பொதுக் கம்பனியாக்கினார். விற்பனைக்கு வந்த பங்குகளைக் காட்டிலும் பன்மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. தேயிலைச் செடியைக் கண்ணாலும் காணாத குமாஸ்தாக்களும், பாதிரிமாரும், விதவைகளும் ஒரு மலையின் துண்டுக்கு உடைமையாளராகும் காலம் வந்துவிட்டது. அவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமன்றோ? அதற்காகவே அந்த ஆண்டுக் கூட்டம்.

கணக்கு எவ்வழியே ஏறியது என்பதைக் கவனிக்க வேண்டும். மலையில் கங்காணி, அவருக்கு மேல் கணக்கப்பிள்ளை, அவருக்கு மேல் பெரிய கிளாக்கர், சின்னத்துரை, பெரிய துரை. துரை எழுதிய மாத அறிக்கை கொழும்பில் உள்ள ஏஜென்சி நிலையத்துக்குப் போகும். அதைச் சரிபார்க்க 'விசிட்டிங் ஏஜெண்ட்' என்னும் பெருமகன் வந்து மலையேறிப் பார்த்து அறிக்கை எழுதுவார். அங்கிருந்து கப்பலேறி இலண்டன் இயக்குநர் சபைக்கு. ஒவ்வொரு படியிலும் சில செய்திகள் உதிரும். இலக்கங்கள் மட்டும் உதிர்வதில்லை. இறுதியில் தலைவர் வாசிக்கும் உரையில் எஞ்சுவன: எத்தனை றாத்தல் தேயிலை, என்ன விலை, ஒரு றாத்தலுக்கு என்ன செலவு, நூற்றுக்கு எவ்வளவு பங்கிலாபம். அவ்வுரையைக் காசு கொடுத்து இலண்டன் நாளேடுகளில் அச்சிடுவதும் வழக்கமாயிருந்தது.

தொழிலாளி இந்தக் கணக்கில் இல்லாமற் போகவில்லை. செலவு என்ற தலைப்பின் கீழ் இருக்கிறார். பெரட்டுக் களத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். முழு நாள் உழைத்தால் ஒரு பேர் போடுவார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர். செக்றோலில் ஒரு பெண்ணின் பேராக நின்றது, மலையிறங்கிக் கடல் கடந்து இலண்டன் போய்ச் சேரும்போது றாத்தலுக்கு இத்தனை சதம் என்று ஆகிவிடுகிறது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி பிறகு வகுத்த நாட்கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். உலக மந்தம் வந்து தேயிலை விலை சரிந்ததும் 1932இலும் 1933இலும் இந்தக் கூலியையும் வெட்டினார்கள். விலை சரிந்த நட்டத்தில் பங்கு கொள்ளும்படி அழைக்கப்பட்டவர்கள், விலை ஏறிய இலாபத்தில் பங்கு கொள்ளும்படி ஒருபோதும் அழைக்கப்படவில்லை.

இந்தக் கணக்கு வழியை உடைத்துப் பார்க்க முயன்ற முதல் மனிதர் யாரென்று எண்ணும்போது கோ. நடேசய்யரின் நினைவு வருகிறது. தஞ்சாவூரில் வணிகவியல் கற்பித்த ஆசிரியர் அவர். 'வர்த்தகமித்திரன்' என்னும் வணிக இதழை நடத்தியவர். இலங்கைக்கு முதலில் வந்ததும் வணிகர் தொடர்பாகவே. அப்படிப்பட்டவர் துணி வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து லயங்களைக் கண்டார். 1931இல் ஹட்டனை நடுவாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தார். அவரது பேச்சாற்றலையும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரின் பாட்டையும் நாம் போற்றி வருகிறோம். ஆயின் அவர் கணக்குப் பதிவு தெரிந்தவர் என்பதை மறந்துவிடுகிறோம். துரைமார் அவரை அவ்வளவு வெறுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது நம் ஊகம்.

கூட்ட மண்டபத்தின் கதவு ஒருமுறை வெளியிலிருந்து தட்டப்பட்டது. 1973இல் பிரித்தானியாவின் கிரனாடாத் தொலைக்காட்சி, ஒரு கோப்பைத் தேநீரின் விலை என்ன என்று கேட்டு இலங்கைத் தோட்டங்களின் நிலையைப் படம் பிடித்துக் காட்டியது. தலைவரின் உரையில் நூறு ஆண்டுகளாகச் சதங்களாக மட்டும் வந்தவர்கள் அன்றிரவு முகங்களாகப் பங்குதாரரின் வீட்டுக் கூடத்துக்கே வந்தார்கள். நம் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; இலண்டன் கூட்டங்கள் நம்மைப் பொறுத்தவரை முடிந்தன.

அடுத்து நிகழ்ந்ததைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். 1992இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கைக்குப் போயிற்று. பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் தோன்றின. 1995 முதல் அவற்றின் பங்குகள் விற்கப்பட்டன. பெரும்பான்மைப் பங்கான 51 விழுக்காடு முதலாளிக்கு. ஒரு பகுதி பொதுமக்களுக்குச் சந்தை வழியாக. 10 விழுக்காடு ஊழியருக்கு இலவசமாக. ஆம், கொழுந்து பறிக்கும் பெண்ணும் கவ்வாத்து வெட்டும் ஆணும் சட்டப்படி பங்குதாரர் ஆனார்கள். அரசு 'பொற்பங்கு' ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. அப்பங்கை உடையவர் இரு வார முன்னறிவித்தல் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் கம்பனியின் கணக்கேடுகளைப் பார்க்கலாம் என்பது விதி. கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலேயே இது அச்சாகிறது.

பெரட்டுக் களத்தில் நின்றவருக்கு மற்றக் கூட்டத்துக்குள் நுழையும் சீட்டு இப்படிக் கிடைத்தது. சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. கூட்டம் கொழும்பில் இருந்தது. கூட்டத்துக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். இவ்வளவும் போதாதா?

இனி இயந்திரத்தின் கதைக்கு வருவோம். முதலீட்டாளரோடு பேசும் முறை அமெரிக்காவில்தான் வேகமாக மாறியது. மூன்று மாதத்துக்கொருமுறை கம்பனித் தலைவர்கள் தொலைபேசியில் கணக்குச் சொல்லும் வழக்கம் அங்கே பெருகியது. தெரிந்த சிலருக்கு மட்டும் காதோடு காதாகச் செய்தி சொல்லக் கூடாது, சொல்வதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று 2000இல் அங்கே விதி வந்தது. எல்லோருக்கும் திறந்த கூட்டத்துக்கு மனிதரோடு கணினியும் வந்தது. தலைவரின் உரையை எழுத்தாக்கி, நற்சொல் எத்தனை, தீச்சொல் எத்தனை என்று எண்ணி, அதைக் கொண்டு பங்கை வாங்குவதா விற்பதா என்று நொடியில் முடிவு சொன்னது.

இந்த எண்ணிக்கையில் ஒரு வேடிக்கை உண்டு. பொது அகராதியைக் கொண்டு தீச்சொற்களை எண்ணியபோது 'வரி', 'செலவு', 'பொறுப்பு' எல்லாம் தீமைப் பட்டியலில் விழுந்தன. வணிக உலகிலோ அவை அன்றாடச் சொற்கள். லௌரன், மக்டொனால்ட் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2011இல் இதைக் காட்டி, நிதித்துறைக்கென்றே தனிச் சொற்பட்டியல் வகுத்தார்கள். அடுத்த ஆண்டு வேறிருவர், சொல் மட்டுமன்று, பேசுவோரின் குரல் நடுக்கமும் கம்பனியின் வருங்காலத்தைப் பற்றிச் செய்தி சொல்கிறது என்று ஆராய்ந்து எழுதினர். 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. தம் அறிக்கைகளை இயந்திரங்கள் படிக்கின்றன என்று தெரிந்த கம்பனிகள், அப்பட்டியலில் உள்ள தீச்சொற்களைத் தவிர்த்து எழுதப் பழகிக்கொண்டன என்பதே அதன் முடிவு. கேட்போரின் செவிக்கேற்பப் பேசுவது புலவர்க்கும் பழைய பழக்கந்தான். ஆனால் இங்கே செவியே செயற்கை.

அதன்பின் வந்தது மொழி இயந்திரம். இன்று அது தலைவரின் உரையை வரைகிறது. முதலீட்டாளர் என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லி விடைகளையும் ஆயத்தம் செய்கிறது. கூட்டம் முடிந்ததும் சுருக்கம் தருகிறது. 2025 மே மாதத்தில் சுவீடன் நாட்டுக் கிளார்னா நிறுவனம் தன் காலாண்டுக் கணக்கைத் தலைவரின் செயற்கை உருவத்தைக் கொண்டே வாசிக்கச் செய்தது. அதே மாதத்தில் ஸூம் நிறுவனத்தின் தலைவரும் தம் செயற்கை உருவத்தை முன்னுரை பேசவிட்டார். பேசுவதும் பொம்மை, கேட்பதும் பொம்மை என்ற நிலை வெகு தொலைவில் இல்லை.

இதற்கும் ஹட்டனுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு தராசில் இருக்கிறது. நம் தோட்டங்கள் பலவற்றில் இப்போது கொழுந்து நிறுப்பது மின்னியல் தராசு. ஒவ்வொரு பெண்ணும் அன்று பறித்த கிலோ அவளது பேரோடு அங்கேயே பதிவாகிறது. கங்காணியின் கண்ணும் கணக்கப்பிள்ளையின் பேனாவும் இருந்த இடங்களில் கணினி இருக்கிறது. 2020இல் தொற்று நோய் வந்தபோது இலங்கைக் கம்பனிகளின் ஆண்டுக் கூட்டங்கள் திரைக்குள் புகுந்தன. மலையில் விழும் ஒரு கிலோ கொழுந்து, தராசிலிருந்து கணக்குக்கும், கணக்கிலிருந்து அறிக்கைக்கும், அறிக்கையிலிருந்து எங்கோ அமர்ந்து படிக்கும் இயந்திரத்துக்கும் போகிறது. பழைய படிக்கட்டேதான், ஏறும் வேகம் மட்டும் கூடிவிட்டது. இலக்கம் முன்போலவே உதிராமல் மேலே போகிறது. முதுகில் பாரம், காலில் அட்டை, மழையில் வழுக்கும் சரிவு ஆகியவை முன்போலவே கீழே நின்றுவிடுகின்றன. எழுதப்படாததை எந்த இயந்திரமும் படிக்காது.

கூலிப் போராட்டத்தின் அண்மைக்கால வரலாறு இதனோடு பின்னியது. 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கியது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2024 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது, மறுபடியும் வழக்கு, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் 1,350 ரூபாயில் வந்து நின்றது. 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம், கம்பனி தருவதை 1,550 ஆக்கி, அரசு 200 ரூபாய் சேர்த்துத் தரும் என்று கூறியது. இத்தனை ஆண்டுகளிலும் கம்பனிகள் சொன்ன விடை ஒன்றே: கொடுக்கும் சக்தி இல்லை. இடையே 2022இல் உரத் தடையின் விளைவாக நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 251 மில்லியன் கிலோவுக்கு வீழ்ந்தது. அதே ஆண்டில் ரூபாய் சரிந்ததால் கொழும்பு ஏலத்தில் ரூபாய்க் கணக்கில் விலை முன்னெப்போதும் காணாத உயரத்துக்குப் போனது. சக்தி இருந்ததா இல்லையா? ஆவேசத்தால் இதற்கு விடை காண முடியாது. கணக்கைப் படித்தால் கம்பனிக்குக் கம்பனி, ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு விடை வரும்.

அந்தக் கணக்கோ மூடி வைத்த பெட்டியன்று. சந்தையில் பதிவான கம்பனிகள் காலாண்டுக்கொருமுறை வெளியிட்டே தீர வேண்டும். நாம் படித்ததில்லை; நம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுத் தரவுமில்லை. நடேசய்யருக்குப் பின் மலையகம் கவிஞரைப் பெற்றது, கதாசிரியரைப் பெற்றது, பேச்சாளரைத் தேவைக்கு அதிகமாகவே பெற்றது. இருப்புநிலைக் குறிப்பைப் படித்துச் சொல்லும் ஆசிரியரை அபூர்வமாகவே பெற்றது. தமிழ் படித்துப் பட்டம் பெற்ற நாமும் இக்குற்றத்துக்கு விலக்கல்லர்.

ஆகவே விடுமுறை நாள் ஒன்றில் நாம் சோதனை ஒன்றில் இறங்கினோம். ஒரு தோட்டக் கம்பனியின் ஆங்கில ஆண்டறிக்கையில் சில பக்கங்களைக் கைத்தொலைபேசியில் உள்ள மொழி இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழில் சொல்லக் கேட்டோம். வியப்பாகவே இருந்தது. தேய்மானமும் கடனும் வட்டியும் தெளிவாகவே வந்தன. 'பணிக்கொடை ஏற்பாடு' என்று ஒரு பெரும் தொகை வந்தது. கொஞ்சம் யோசித்த பிறகே விளங்கியது: இது நம்மவர் சேவைக்காலப் பணம் என்கிறார்களே, அதுதான். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளம் பெறுவோர் உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாள் சம்பளம் கணக்கிட்டுத் தர வேண்டும். சம்பளம் ஏறினால், இன்னும் ஓய்வு பெறாத அத்தனை பேருக்கும் பிற்காலத்தில் தரவேண்டிய தொகையும் கணக்கில் உடனே வீங்குகிறது. கையிலிருந்து காசு போகுமுன்னரே ஏட்டில் சுமை ஏறிவிடுகிறது. 'சம்பள உயர்வால் பெரும் பாதிப்பு' என்ற சொல் அறிக்கைகளில் ஏன் அவ்வளவு கனமாக விழுகிறது என்பதற்கு இது ஒரு காரணம். சொல்லை எண்ணும் இயந்திரம் இதைத் தீச்சொல்லாகவே எண்ணும். உழைப்பவருக்குரிய கடனை ஏட்டில் ஒப்புக்கொள்வது தீச்செய்தியா என்று அதனிடம் கேட்பார் இல்லை.

மறுவழியாகவும் சோதித்தோம். தோட்டத்துப் பேச்சில் நாலு வரி எழுதி ஆங்கிலமாக்கக் கேட்டோம். 'அரைப்பேர் போட்டாங்க' என்பதை, யாரோ ஒருவருடைய பெயரில் பாதியை எழுதினார்கள் என்று பெயர்த்தது. கொந்தரப்பு அதற்குத் தெரியவில்லை, கைகாசும் தெரியவில்லை. குற்றம் இயந்திரத்தினதன்று. அது படித்து வளர்ந்த நூல்களில் நாம் இல்லை. கம்பனியின் மொழி நமக்கு விளங்குமாறு இறங்கி வந்துவிட்டது. நம் மொழி கம்பனியின் கூட்டத்துக்கு ஏறிப் போக இன்னும் வழியில்லை. அவ்வழியை இட வேண்டியவர் பொறியியலாளர் மட்டுமல்லர். தோட்டத்துச் சொற்களை எழுத்தில் ஏற்ற வேண்டிய வேலை நம்முடையது. சங்கங்கள் தத்தம் கூட்டங்களில் கணக்கைத் தமிழில் வாசிக்கத் தொடங்க வேண்டியதும் இனிமேல்தான்.

இச்சோதனையைப் பற்றி வகுப்பில் பேசியதன் விளைவாக, மாணவி ஒருத்தி மறுவாரம் தன் பாட்டியை அழைத்து வந்தாள். முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து பறித்து ஓய்ந்தவர். தகரப் பெட்டியில், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து மடித்து வைத்திருந்த கடுதாசிகளைக் கொண்டு வந்திருந்தார். ஒன்று பங்குச் சான்றிதழ். மற்றொன்று அண்மையில் தபாலில் வந்த கூட்ட அறிவித்தலும் பதிலாள் படிவமும். இயந்திரம் அவற்றைத் தமிழில் வாசிக்க அவர் உட்கார்ந்து கேட்டார். கூட்டம் இணையவழி நடைபெறும். வர இயலாதவர் தம் சார்பில் ஒருவரை நியமிக்கலாம். படிவம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னதாகக் கிடைக்க வேண்டும் என்று அது சொல்லி முடித்தது.

"அப்ப இதுல யாரு பேர வேணும்னாலும் எழுதலாமா சார்?" என்றார் பாட்டி.

எழுதலாம் என்றோம்.

"இவ பேர எழுதுங்க. இவதான் கேள்வி கேப்பா."

படிவத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தோம். கூட்டம் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. சிறுமி தன் கொப்பியின் பின்பக்கத்தில் அடுத்த ஆண்டின் எண்ணை எழுதி, அதன் கீழே கம்பனியின் பெயரை எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள்.